பொத்தான்களை அடுக்கியவர் யார்? – கருவிப்பட்டையின் கதை



கணனியில் கடிதம் எழுதும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் திரையின் மேற்பக்கத்தில் சிறுசிறு படங்கள் வரிசையாக நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். ஒன்றை அழுத்தினால் கோப்புச் சேமிக்கப்படும். இன்னொன்றை அழுத்தினால் அச்சு இயந்திரம் உறுமத் தொடங்கும். ஆங்கிலத்தில் டூல்பார் என்றும் தமிழில் கருவிப்பட்டை என்றும் சொல்லப்படும் இந்தப் பொத்தான் வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. இம்மாதம் அதைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறேன்.

இந்தச் சின்ன விடயத்திற்கு ஒரு வரலாறா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோகிறோம் என்று வையுங்கள். சமையலறை அலுமாரிகளை வேறு யாரோ தம் வசதிக்கு அடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் போன முதல்நாளே மிளகாய்த்தூள் போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்போம். அலுமாரியை மாற்ற முடியாவிட்டாலும் போத்தலை மாற்றலாம். மென்பொருளும் அப்படித்தான். எங்களை ஒருநாளும் கண்டிராத ஒருவர் அதை எழுதுகிறார். எந்தக் கருவி எங்கள் கைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில் பயன்படுத்துபவருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற எண்ணம் எப்போது பிறந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படங்களுக்கு முந்திய காலம்

1970களில் பெரும்பாலான கணனித் திரைகளில் படங்கள் இல்லை, எழுத்துக்கள் மட்டுமே. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தின் செயற்கை அறிவு ஆய்வுகூடத்தில் ரீக்கோ என்ற பதிப்பு மென்பொருளைப் பாவித்து வந்தார்கள். ஒரு விசையை அழுத்தினால் ஒரு தொகுதிக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கட்டளைத் தொகுதியை மக்ரோ என்பார்கள். ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் தத்தமக்கு வேண்டியபடி மக்ரோக்களை எழுதிக் குவித்தனர். காலப்போக்கில் ஒருவருடைய ஏற்பாடு மற்றவருக்கு விளங்காமற் போயிற்று. ஒருவர் கணனியில் இன்னொருவர் போய் அமர்ந்தால் எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாது.

கை ஸ்டீல் என்பவர் இவற்றை ஒன்றுசேர்க்கும் வேலையைத் தொடங்கினார். ரிச்சட் ஸ்ரோல்மன் அதை முன்னெடுத்து முடித்தார். 1976இல் ஈமாக்ஸ் என்ற பதிப்பு மென்பொருள் இவ்வாறு பிறந்தது. ‘பதிப்பு மக்ரோக்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அதன் பெயர். ஆளுக்கொரு விதமாக மாற்றியமைக்கும் சுதந்திரம் ஒருபக்கம், எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு மறுபக்கம். இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி இந்த வரலாறு முழுவதும் தொடர்வதை நாம் காண்போம்.

அடுத்த பத்தாண்டில் அலுவலகங்களில் வேர்ட்பெர்பெக்ட் என்ற மென்பொருள் புகழ்பெற்றது. 1989இல் வெளிவந்த அதன் 5.1 பதிப்பைப் பழகியவர்களுக்கு அந்த வெறுமையான திரை ஞாபகம் இருக்கும். உதவி வேண்டுமானால் எப் 3. வெளியேற எப் 7. அச்சிட ஷிப்ட் விசையுடன் எப் 7. பத்து விசைகளைத் தனியாகவும், ஷிப்ட், ஆல்ட், கொன்ட்ரோல் ஆகியவற்றுடன் சேர்த்தும் அழுத்தினால் நாற்பது கட்டளைகள். அவ்வளவையும் மனனம் செய்வது எப்படி? எந்த விசை என்ன செய்யும் என்று அச்சிட்ட ஓர் அட்டையை விசைப்பலகையின் மேல் பொருத்தி வைத்தார்கள். கருவிப்பட்டை செய்யும் வேலையை அன்று செய்தது அந்த அட்டைதான். கட்டளைகள் கணனிக்குள் இருந்தன, அவற்றின் பட்டியல் வெளியே அட்டையில் இருந்தது.

படங்கள் திரைக்கு வருகின்றன

அந்த அட்டை திரைக்குள் போவதற்கான வழியைக் காட்டியவர்கள் கலிபோர்னியாவில் இருந்த செரொக்ஸ் ஆய்வுகூடத்தினர். படங்களைச் சுட்டி, அதாவது மௌஸ், கொண்டு தொட்டு வேலை செய்யும் முறையை அங்கே 1970களில் வளர்த்தெடுத்தனர். 1981இல் செரொக்ஸ் ஸ்டார் என்ற கணனி விற்பனைக்கு வந்தது. 1984 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மக்கின்டோஷ் கணனியை வெளியிட்டது. அதனுடன் வந்த மக்பெயின்ற் என்ற வரையும் மென்பொருளை பில் அட்கின்சன் எழுதினார். அதன் இடதுபக்கத்தில் பென்சில், தூரிகை, அழிப்பான், வண்ண வாளி என்று கருவிகளின் படங்கள் வரிசையாக நின்றன. மக்கின்டோஷின் சின்னங்கள் பலவற்றை வரைந்தவர் சூசன் கேர். சின்னஞ்சிறு சதுரங்களை நிரப்பியே அவர் அவற்றை வரைந்தார்.

அலுவலக மென்பொருளுக்கு இந்த வரிசை சற்றுப் பிந்தியே வந்தது. 1990இல் மைக்ரோசொப்டின் எக்செல் 3.0 ஒரு கருவிப்பட்டையோடு வெளிவந்தது. சிக்மா என்ற கிரேக்க எழுத்தைத் தாங்கிய பொத்தான் ஒன்று அதில் இருந்தது. எண்களுக்குக் கீழே நின்று அதை அழுத்தினால் கூட்டுத்தொகை தானாக வரும். மெனுக்களைத் திறந்து தேடத் தேவையில்லை. 1992இல் வந்த எக்செல் 4.0இல் பயன்படுத்துபவரே பொத்தான்களைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் மாற்றவும் முடிந்தது.

புலம்பெயர்ந்து வந்த எம்மவர்களுக்கு இந்தப் படங்கள் வேறொரு விதத்திலும் கைகொடுத்தன. ஜேர்மனியிலோ பிரான்சிலோ நோர்வேயிலோ வேலைக்குப் போன இடத்தில் மெனு அந்த நாட்டு மொழியில் இருக்கும். மொழி பிடிபடாத காலத்திலும் அச்சு இயந்திரத்தின் படம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் படம் என்று நாம் நம்பும் எல்லாமே படமல்ல. தடித்த எழுத்துக்கான பொத்தான் ஆங்கில வேர்டில் ‘பி’. ஜேர்மன் வேர்டில் அது ‘எப்’, பிரெஞ்சு வேர்டில் ‘ஜி’. ஏனெனில் அது அந்தந்த மொழியில் ‘தடித்த’ என்ற சொல்லின் முதலெழுத்து. ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு மாறிப்போன உறவினர்கள் இதைக் கண்டு ஒரு கணம் திகைத்திருப்பார்கள்.

பொத்தானுக்குப் பின்னால்

நிரல் எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கலாம்.

விண்டோஸ் மென்பொருளில் ஒவ்வொரு கட்டளைக்கும் நிரலாளர் ஓர் இலக்கம் கொடுக்கிறார். ‘சேமி’ என்பதற்கு ஓர் இலக்கம், ‘அச்சிடு’ என்பதற்கு வேறோர் இலக்கம். மெனுவில் ‘சேமி’ என்பதைத் தெரிந்தாலும் கருவிப்பட்டையில் அதன் படத்தை அழுத்தினாலும் நிரலுக்குப் போய்ச் சேரும் செய்தி ஒன்றே: இன்ன இலக்கக் கட்டளை கேட்கப்பட்டது. ஆகவே பொத்தான் என்பது கட்டளை அல்ல. கட்டளையின் வாசலில் தொங்கும் ஒரு மணி மட்டுமே. மணியை எந்தக் கதவில் கொண்டுபோய்க் கட்டினாலும் உள்ளே கேட்கும் ஓசை மாறாது. பொத்தான்களை இடம் மாற்றும் வசதிக்கு அடிப்படை இந்தப் பிரிவினைதான். கட்டளையையும் பொத்தானையும் ஒன்றாகப் பிணைத்து எழுதிய மென்பொருளில் எதையும் நகர்த்த முடியாது.

1990களின் நடுப்பகுதியில் விண்டோஸ் இயங்குதளமே கருவிப்பட்டையை ஒரு பொதுப் பாகமாக நிரலாளர்களுக்கு வழங்கத் தொடங்கியது. அதில் ஒரு படத்தின் வழமையான அளவு அகலத்தில் 16 புள்ளிகள், உயரத்தில் 15 புள்ளிகள். மொத்தம் 240 புள்ளிகளுக்குள் ஒரு கத்தரிக்கோலையோ ஓர் அச்சு இயந்திரத்தையோ காட்டிவிட வேண்டும். எல்லாப் பொத்தான்களின் படங்களையும் ஒரே நீண்ட நாடாவாக அருகருகே வரைந்து கொடுத்தால், கணனி அதை வெட்டி உரிய இடத்தில் வைத்துக்கொள்ளும்.

பயன்படுத்துபவர் மாற்றியமைக்கலாம் என்று நிரலாளர் அனுமதிக்க விரும்பினால் ஒரேயொரு அடையாளத்தை இட்டால் போதும். அதன்பின் ஷிப்ட் விசையை அழுத்தியபடி பொத்தானை இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். பட்டைக்கு வெளியே இழுத்து விட்டால் அது நீங்கிவிடும். பட்டையின் வெற்றிடத்தில் இருமுறை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். ஒருபக்கம் இருக்கும் பொத்தான்கள், மறுபக்கம் இல்லாத பொத்தான்கள். ஆயினும் இது முழுச் சுதந்திரம் அல்ல. ஒவ்வொரு பொத்தானுக்கும் விண்டோஸ் நிரலிடம் போய், ‘இதை நீக்கலாமா? இதற்கு முன்னால் வேறொன்றைச் சேர்க்கலாமா?’ என்று கேட்கும். நிரலாளர் மறுத்தால் அது அசையாது.

இறுதியாக, மாற்றிய ஒழுங்கை எங்காவது எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணனியை மீண்டும் திறக்கும்போது எல்லாம் பழையபடி வந்து நிற்கும். அதற்கும் ஒரு கட்டளை இருந்தது. ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் குறிப்பேட்டில் அது எழுதிவைக்கும். எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு விழிப்பவருக்காக, ஆரம்ப நிலைக்கே திரும்பும் பொத்தான் ஒன்றும் பெட்டியில் வைக்கப்பட்டது. இந்த மூன்றும், அதாவது அனுமதி, ஞாபகம், திரும்பும் வழி ஆகியவை இல்லாமல் எந்த மென்பொருளிலும் மாற்றியமைத்தல் என்பது பெயரளவில்தான்.

கேம்பிரிட்ஜில் நடந்த சோதனை

வசதியைக் கொடுத்துவிட்டால் மக்கள் பாவிப்பார்களா? இந்தக் கேள்வியை ஆராய்ந்த இரு முயற்சிகள் இங்கே குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் செரொக்ஸ் நடத்திய யூரோபார்க் ஆய்வுகூடத்தில் நடந்தது. அலன் மக்லீன், கத்லீன் காட்டர், லெனார்ட் லோவ்ஸ்ட்ரான்ட், தோமஸ் மோரன் ஆகிய நால்வரும் 1990இல் அதைப் பற்றி எழுதினர். அங்கே திரையில் வைக்கக்கூடிய பொத்தான்களை உருவாக்கினார்கள். ஒரு பொத்தானுக்குள் ஒரு சிறு நிரல் இருக்கும். நிரல் தெரியாதவர் அதை நகர்த்தலாம், பெயரை மாற்றலாம், பிரதி எடுக்கலாம். ஓரளவு தெரிந்தவர் உள்ளே உள்ள சில விபரங்களைத் திருத்தலாம். நன்கு தெரிந்தவர் நிரலையே மாற்றி எழுதலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, பொத்தானை மின்னஞ்சலில் மற்றவருக்கு அனுப்பலாம்.

அவர்கள் கண்ட முடிவு கவனிக்கத்தக்கது. மென்பொருளை மாற்றியமைப்பதை அவர்கள் மலையேறுவதற்கு ஒப்பிட்டனர். அடிவாரத்தில் வேலையைச் செய்து முடித்தாற் போதும் என்பவர்கள். உச்சியில் நிரலாளர்கள். நடுவில் எதையாவது நோண்டிப் பார்க்கும் ஆர்வம் உடையவர்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் அடிவாரத்தில் நிற்பவர் ஏறமாட்டார். அதைச் சரிவாக்குவது ஒரு வழி. மற்றொன்று, இரு பகுதியாரோடும் பழகும் கைகாரர் ஒருவர். அவருக்கு அலுவலகத்து வேலையும் தெரியும், நிரலும் கொஞ்சம் தெரியும். பக்கத்து மேசைக்காரரின் தொல்லையைக் கேட்டு அதற்கொரு பொத்தான் செய்து கொடுப்பார். அப்படி ஒருவர் இருந்த இடத்தில்தான் மாற்றியமைக்கும் பழக்கம் வேரூன்றியது.

இரண்டாவது ஆய்வு எம்.ஐ.ரி.யில் வென்டி மக்கே செய்தது. அத்தீனா என்ற திட்டத்தில் வேலைசெய்த 51 பேர் தமது கணனியை எப்படி மாற்றியமைக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்து 1990இலும் 1991இலும் எழுதினார். நேரமில்லை என்பதே பெரிய தடையாக இருந்தது. ஒரே தொல்லை மீண்டும் மீண்டும் வந்தாலோ மென்பொருள் மாறிவிட்டாலோதான் மக்கள் அசைந்தார்கள். அசைந்தபோதும் தாமாக உட்கார்ந்து எழுதியது குறைவு. இன்னொருவரின் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள்.

‘தனிப்பயன்’ என்று நாம் பெயரிட்டாலும் இது தனியே நடப்பதல்ல என்பதை இந்த இரு ஆய்வுகளும் காட்டின. இது கைக்குக் கை மாறும் ஒரு பழக்கம்.

வேர்ட் 97உம் எங்கள் எழுத்தும்

இதற்கு எங்கள் சமூகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

1990களில் புலம்பெயர் நாடுகளில் கோயில் அறிவித்தல், ஊர்ச் சங்க மலர், தமிழ்ப் பாடசாலையின் வினாத்தாள் எல்லாம் கணனியில் தயாராகின. ஆனால் அந்தக் கணனிக்குத் தமிழ் தெரியாது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றின. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் ‘அம்மா’ தோன்றும். கணனியைப் பொறுத்தவரை அது அர்த்தமற்ற ஐந்து குறிகள். எழுத்துருப் பெட்டியில் பாமினி தெரிவாகி இருக்கும்வரைதான் அது தமிழ்.

ஆகவே தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பக்கத்தை எழுத, கருவிப்பட்டையில் இருக்கும் எழுத்துருப் பெட்டிக்கு ஓயாமல் போய்வர வேண்டும். பட்டியலைத் திறந்து, பாமினியைத் தேடி, தெரிந்து, ஒரு பெயரை எழுதி, மீண்டும் பட்டியலைத் திறந்து என்று அந்த வேலை நீளும்.

வேர்ட் 97இல் இதற்கு ஒரு விடை இருந்தது. அந்தப் பதிப்பில்தான் மைக்ரோசொப்ட் மெனுவையும் கருவிப்பட்டையையும் ஒரே பொருளாக்கி ‘கட்டளைப் பட்டை’ என்று பெயரிட்டது. மாற்றியமைக்கும் பெட்டியைத் திறந்தால் கட்டளைகளின் வகைகள் தெரியும். அவற்றுள் ‘எழுத்துருக்கள்’ என்று ஒரு வகை. கணனியில் உள்ள ஒவ்வோர் எழுத்துருவும் அங்கே தனித்தனிக் கட்டளையாக நிற்கும். பாமினியைப் பிடித்துக் கருவிப்பட்டையில் இழுத்து விட்டால் அது ஒரு பொத்தானாகிவிடும். பொத்தானின் படத்தை வரையும் சிறு பலகையும் இருந்தது. சதுரங்களை ஒவ்வொன்றாக நிரப்பி அதில் ஓர் ‘அ’ வரைந்துகொள்ள முடிந்தது. தமிழே அறியாத ஒரு மென்பொருளின் நெற்றியில் ‘அ’ என்ற எழுத்தை எழுதுவதற்கு இப்படி ஓர் இடம் கிடைத்தது.

இதை எல்லோரும் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. தமிழ்ப் பாடசாலையிலோ சங்கத்திலோ ‘கொம்பியூட்டர் தெரிந்த’ ஒருவர் இருப்பார். எழுத்துருவை இறுவட்டில் கொண்டுவந்து போடுவதும், பொத்தானை வைத்துக் கொடுப்பதும், ஏதாவது பிழைத்தால் இரவில் தொலைபேசியில் வழி சொல்வதும் அவர்தான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்ட கைகாரர் இவரே. இவருடைய பெயர் எந்த மலரிலும் அச்சாகி இராது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருந்தது. வேர்டில் நாம் செய்த மாற்றங்கள் நோர்மல் என்ற வார்ப்புருக் கோப்பில் சேமிக்கப்பட்டன. புதிய கணனி வாங்கியபோது அந்தக் கோப்பைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரியாவிட்டால் பொத்தான்கள் எல்லாம் பழைய கணனியோடு போயின. வேறோர் ஆபத்தும் இருந்தது. மக்ரோக்களும் அதே கோப்பிலேயே குடியிருந்தன. 1995இல் பரவிய கொன்செப்ட் என்ற வைரஸும் 1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்ற வைரஸும் அந்தக் கோப்பில்தான் புகுந்துகொண்டன. மெலிசா அங்கிருந்து முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பியது. நாம் நமக்காகத் திறந்து வைத்த கதவால் அந்நியனும் நுழைந்தான். அதன்பின் மக்ரோக்கள்மீது பூட்டுக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இணையத்தில் இருந்து வரும் ஒபீஸ் கோப்புகளின் மக்ரோக்களைத் தாமாகவே தடுக்கும் நடைமுறையை மைக்ரோசொப்ட் 2022இல் கொண்டுவந்தது.

பட்டைகள் பெருகிய காலம்

இதற்கிடையில் கருவிப்பட்டைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமற் பெருகியது. வேர்ட் 2.0இல் 2. வேர்ட் 6.0இல் 8. வேர்ட் 97இல் 18. வேர்ட் 2003இல் 31. புதிய வசதி ஒவ்வொன்றும் ஒரு பட்டையோடு வந்தது.

பெருக்கத்தைச் சமாளிக்க ஒபீஸ் 2000இல் மைக்ரோசொப்ட் ஒரு வழியை முயன்றது. பயன்படுத்துபவர் மாற்றாவிட்டால் கணனியே மாற்றட்டும் என்பது அந்த எண்ணம். அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனு தானாக மறைத்துக்கொண்டது. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை என்று பலரும் தடுமாறினார்கள். 2004இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா பின்ட்லேற்றரும் ஜொவானா மக்ரெனியரும் 27 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தானாக மாறும் மெனுவைவிட மாறாத மெனுவில் வேலை வேகமாக நடந்தது. ஆனால் எது விருப்பம் என்று கேட்டபோது, தாமே மாற்றியமைக்கக்கூடிய மெனுவையே பெரும்பாலானோர் விரும்பினர்.

இன்னொரு பக்கம் இணைய உலாவிகளில் வேறுவிதமான பட்டைகள் புகுந்தன. 2000 டிசம்பரில் கூகிள் தன் பட்டையை வெளியிட்டது. வேறு பல நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஏதோ ஓர் இலவச மென்பொருளை நிறுவும்போது ஒரு பெட்டியில் இருந்த சரி அடையாளத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த நாள் திரையின் கால்வாசியைப் பட்டைகள் மூடியிருக்கும். பயன்படுத்துபவருக்காக ஒதுக்கப்பட்ட இடத்தை விளம்பரதாரர் பிடித்துக்கொண்ட கதை அது. இன்று அந்தப் பட்டைகள் வழக்கொழிந்துவிட்டன. 2002இல் பீனிக்ஸ் என்ற பெயரில் பிறந்து பின் பயர்பொக்ஸ் ஆன உலாவி, தன் முதற் பதிப்பிலேயே கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் வசதியைத் தந்தது. அந்த வசதி அதில் இன்றும் உண்டு. 2001இல் வந்த மக் ஓ.எஸ். டென் இயங்குதளமும் இவ்வசதியை நிரலாளர்களுக்கு ஆயத்தமாகவே கொடுத்தது. ஒவ்வொரு நிரலாளரும் தன் விதமாக எழுதாமல், எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி மாற்றியமைக்க இதனால் முடிந்தது.

நூற்றுக்கு இரண்டு

2000களின் நடுப்பகுதியில் மைக்ரோசொப்ட் தன் பயனாளர்களில் சம்மதித்தவர்களின் பயன்பாட்டைப் பதிவுசெய்து பார்த்தது. வேர்ட் 2003இல் மிக அதிகமாகப் பாவிக்கப்பட்ட ஐந்து கட்டளைகள் இவை: ஒட்டு, சேமி, பிரதிசெய், மீளப்பெறு, தடித்த எழுத்து. மொத்தப் பாவனையில் ஏறத்தாழ 32 வீதம் இந்த ஐந்துக்கே உரியது. ஒபீஸ் 2003இல் கருவிப்பட்டைகள் மாற்றியமைக்கப்பட்டிருந்த சந்தர்ப்பங்களோ நூற்றுக்கு இரண்டிலும் குறைவு. மாற்றியவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு சில பொத்தான்களையே தொட்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கு ஒரு பெரிய முடிவுக்கு வழிவகுத்தது. 2007 ஜனவரியில் பொதுவிற்பனைக்கு வந்த ஒபீஸ் 2007இல் வேர்ட், எக்செல் போன்றவற்றின் பழைய பட்டைகள் அகற்றப்பட்டன. ரிபன் என்ற அகன்ற நாடா அவற்றின் இடத்தைப் பிடித்தது. பயன்படுத்துபவர் இலகுவாக மாற்றக்கூடியதாக எஞ்சியது மேல் மூலையில் ஒரு சிறு பட்டை மட்டுமே. ரிபனில் ஒரு பொத்தானைச் சேர்க்க வேண்டுமானால் எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் எழுத வேண்டும். கேம்பிரிட்ஜ் மலையின் சரிவு திடீரெனச் செங்குத்தாயிற்று.

நூற்றுக்கு இரண்டு என்பதை எப்படி வாசிப்பது? மிகச் சிலர் என்று வாசித்தால் அவர்களுக்காக மெனக்கெடத் தேவையில்லை. ஆனால் அந்தச் சிலருள் யார் இருந்தார்கள்? நாள் முழுவதும் ஒரே படிவத்தை நிரப்பும் எழுதுவினைஞர். கண்பார்வை குறைந்து பெரிய பொத்தான் தேவைப்படும் முதியவர். மென்பொருள் அறியாத மொழியில் எழுதும் எங்களைப் போன்றவர்கள். மேலே சொன்ன கைகாரர். கைகாரர் ஒருவர் செய்த பொத்தானின் பயன் அவரோடு நிற்பதில்லை. நூறு பேருக்கு ஒரு தையற்காரர் போதும். அதற்காகத் தையற்காரர் தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை.

குறைகள் எழுந்தன. ஒபீஸ் 2010இல் ரிபனை மாற்றியமைக்கும் பெட்டி திரும்பி வந்தது. இம்முறை வேறொரு நல்ல வசதியும் சேர்ந்தது. நாம் செய்த மாற்றங்களை ஒரு தனிக் கோப்பாக வெளியே எடுத்து இன்னொரு கணனியில் ஏற்றலாம். 1990இல் கேம்பிரிட்ஜில் மின்னஞ்சலில் அனுப்பிய பொத்தான் இருபது வருடம் கழித்து அலுவலக மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

இன்று எங்களுக்கு

விண்டோஸ் 2000 தொடக்கம் இயங்குதளமே ஒருங்குறித் தமிழை அறிந்துகொண்டது. இன்று ‘அ’ என்பது எழுத்துருவை நம்பி நிற்கும் வேடம் அல்ல. அதற்கென்று ஓர் இலக்கம் உண்டு. தமிழுக்கென ஒரு பாமினிப் பொத்தான் இனித் தேவையில்லை. அந்த வகையில் எங்கள் கைகாரர்களின் ஒரு வேலை முடிந்தது.

ஆனால் அவர்கள் செய்தவை இன்னும் இருக்கின்றன. பழைய கணனிகளிலும் இறுவட்டுகளிலும் பாமினியில் எழுதிய மலர்கள், பேச்சுக்கள், இடப்பெயர்வின் நாட்குறிப்புகள், இறந்தவர்களின் நினைவு வெளியீடுகள் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். பிள்ளைகள் ‘பழுதான கோப்பு’ என்று அழித்துவிடக்கூடும். அழிக்க வேண்டாம். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை மாற்ற ஒரு நிமிடமும் ஆகாது. மாற்றியபின் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் ஒருமுறை ஒப்புநோக்கினால் போதும்.

வீட்டில் வயதானவர்கள் கணனி பாவித்தால், பிள்ளைகளே, அரைமணி நேரம் அவர்களோடு இருங்கள். அம்மாவோ அப்பாவோ எந்த ஐந்து பொத்தான்களைத் தேடித் திணறுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவற்றை மேலே இருக்கும் சிறு பட்டையில் வரிசையாக வையுங்கள். மற்றவற்றை மறையுங்கள். அந்த ஏற்பாட்டை ஒரு கோப்பாக எடுத்துப் பெயரிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கணனி வரும்போது மீண்டும் தொடக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிராது.

பழைய இறுவட்டுகள் வைத்திருப்பவர்கள், அவற்றைத் திறக்கும் கருவி உள்ள கணனி வீட்டில் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குவது நல்லது. புதிய மடிக்கணனிகள் பலவற்றில் அந்தக் கருவி வருவதில்லை.